கடைசி சைக்கிளுக்குப் பின்னால் வந்தவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்காக வட சென்னையில் நடந்த சைக்கிள் பயணம் பற்றிச் சென்ற மாதம் உங்கள் நாளிதழில் படத்துடன் செய்தி வந்திருந்தது. கொடியசைத்தவர், காசோலையைப் பெற்றுக்கொண்டவர், முதலில் வந்து சேர்ந்த இளைஞர்கள் எல்லோரும் படத்தில் இருந்தார்கள். செய்தியில் குறையொன்றும் இல்லை. அன்றைக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவள் நான். எனக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். அவர் இந்த மாதம் இறந்துவிட்டார். மாரடைப்பு; விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பெயரைப் பத்திரிகையில் போட வேண்டாம் என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டார். எனவே நாங்கள் கூப்பிட்டபடி அண்ணன் என்றே எழுதுகிறேன். ராயபுரத்துக்காரர். வயது ஐம்பத்தெட்டு. ஏழு ஆண்டுகளாக எங்கள் நற்பணிப் பயணங்களுக்கு மார்ஷலாக வந்தவர். பெட்ரோல்கூடச் சொந்தச் செலவுதான்.

மார்ஷல் என்றால் சும்மா கூடவே வண்டி ஓட்டி வருகிறவர் என்று நானும் முதலில் நினைத்திருந்தேன். நூறு சைக்கிள்கள் ஒரு சாலைச் சந்திப்பைக் கடக்க வேண்டுமென்றால், முதல் சைக்கிள் வருமுன்பே ஒருவர் அங்கே போய் நின்றிருக்க வேண்டும். பக்கச் சாலையிலிருந்து வருகிற வண்டிகளை நிற்கச் சொல்ல வேண்டும். வரிசை கடந்ததும் அவர்களுக்கு வழிவிட்டு, மறுபடியும் சைக்கிள்களையெல்லாம் தாண்டிப் போய் அடுத்த சந்திப்பில் நிற்க வேண்டும். இத்தனைக்கும் அவருக்குச் சட்டப்படி ஒரு அதிகாரமும் இல்லை. வண்டிகளை நிறுத்தும் அதிகாரம் காவலருக்கு உரியது. மார்ஷல் கேட்டுக்கொள்ளத்தான் முடியும். அண்ணன் கேட்டுக்கொள்வதில் வல்லவர். வலது கையை உயர்த்தி, "அண்ணே, பிள்ளைகள் போகட்டும், ஒரு நிமிடம்" என்பார். அந்தப் பிள்ளைகளில் ஐம்பது வயதான நானும் உண்டு. கடைசி சைக்கிள் போனதும், நின்ற வண்டிக்காரரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிவிட்டுத்தான் தன் வண்டியை எடுப்பார். எவ்வளவு அவசரமானாலும் இந்தக் கும்பிடு தவறாது.

எண்ணூர் விரைவுச்சாலையை அறிந்தவர்களுக்கு அங்கே சைக்கிள் ஓட்டுவது எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடலைத் தடுக்கப் போட்ட பாறைகள், மறுபக்கம் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகள். காசிமேட்டுப் பக்கம் மீன் பெட்டிகளிலிருந்து வழிந்த ஐஸ் தண்ணீர் விடிகாலையில் சாலையை வழுக்கவைக்கும். மற்ற இடங்களில் வரிசையின் கடைசியில் வருகிற அண்ணன், இந்தச் சாலை வந்தால் இன்னொரு மார்ஷலைப் பின்னால் விட்டுவிட்டு முன்னே போய்விடுவார்.

காரணம் இருந்தது. அவர் இளவயதில் லாரியில் கிளீனராகச் சேர்ந்து, பிறகு பதினைந்து ஆண்டுகள் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். ஓட்டுநர் இருக்கையிலிருந்து எது தெரியும், எது தெரியாது என்பது அவருக்கு மனப்பாடம். ஒரு முறை, தண்டையார்பேட்டையில் பயணம் தொடங்குமுன், நிறுத்தியிருந்த டிரெய்லர் ஒன்றின் ஓட்டுநரிடம் அனுமதி கேட்டு என்னை அந்த இருக்கையில் ஏற்றி உட்காரவைத்தார். தன் புல்லட்டை லாரியின் முன்சக்கரத்தை ஒட்டி இடப்பக்கத்தில் நிறுத்திவிட்டு, "டீச்சர், என் வண்டி தெரிகிறதா?" என்று கீழேயிருந்து கேட்டார். தெரியவில்லை. அவ்வளவு பெரிய புல்லட்டும் அதன் அருகே நின்ற ஆளும் இருந்த இடமே தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. இறங்கும்போது எனக்குக் கால் நடுங்கியது.

டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. மூலையை அறுத்துக்கொண்டு உள்ளே வரும். லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவில் இடம் இருக்கிறதே என்று நுழைகிற சைக்கிள்காரர் மாட்டிக்கொள்வது அங்கேதான். "கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் நீயும் அவருக்குத் தெரியவில்லை" என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் சொல்வார். சொல்வதோடு விடமாட்டார். திரும்பப் போகிற லாரியின் இடப்பக்கத்தில், சைக்கிள்கள் நுழைந்துவிடாதபடி, தன் வண்டியைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்துவார். ஓட்டுநர் பார்க்கும் தூரத்தில்தான் நிற்பார் என்றாலும், பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்கும்.

அந்தப் புல்லட் அவருடைய அப்பா வைத்திருந்தது. 1950-களிலிருந்து திருவொற்றியூர் ஆலையில் உருவான புல்லட்டுகள் நாடு முழுவதும் ஓடின என்பதில் எங்கள் பகுதிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பெருமை உண்டு. அண்ணனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. எனக்கு அந்த வண்டியின் சத்தம்தான் முக்கியம். நான் கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் போகிறவள். மணலி புதுநகர் தாண்டுவதற்குள் முன்னால் போகிறவர்கள் கண்ணுக்கு மறைந்துவிடுவார்கள். மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு வரை அந்தச் சீரான டப் டப் சத்தம் பின்னாலேயே வரும். அருகில் வந்து அவசரப்படுத்தியதில்லை. முடியுமா, வேனில் ஏறிக்கொள்கிறீர்களா என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை. நான் நின்றால் சத்தமும் நிற்கும், தண்ணீர் வரும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் பனி படிந்த தண்டவாளத்தை நான் சாய்வாகக் கடந்து விழுந்த நாளில் மட்டும் திட்டினார். காயத்தைக் கழுவிக் கட்டிய பிறகு, தண்டவாளத்துக்கு நேர்க்குத்தாகச் சக்கரத்தைத் திருப்பிக் கடப்பதை எனக்கு மூன்று முறை செய்துகாட்டி, என்னையும் மூன்று முறை செய்யவைத்தார்.

ஒரு சம்பவம் இன்னும் என் மனத்தில் ஆறவில்லை. வேகமாகப் போகும் குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், சிக்னலில் தன்னை நிறுத்தியதற்காக, "உங்களால்தான் என் நேரம் போகிறது" என்று எல்லோர் முன்னாலும் அண்ணனைக் கத்தினார். அவர் அப்பா வயது. நாங்கள் பேசாமல் நின்றோம். நானும் பேசவில்லை, அதற்காக இன்றும் வருந்துகிறேன். அண்ணன் பதில் சொல்லவில்லை. விளக்கு பச்சையானதும் "போ தம்பி" என்றார். அதே தம்பியின் சைக்கிள் மீஞ்சூருக்கு அப்பால் பஞ்சராகிக் கிடந்தபோது, வெயிலில் உட்கார்ந்து ட்யூப் மாற்றிக் கொடுத்தவரும் அவர்தான்.

அவருடைய வண்டிப் பையில் ஒரு நாளிதழ் நறுக்கு, லேமினேட் செய்யப்பட்டு, எப்போதும் இருக்கும். விபத்தில் அடிபட்டவருக்கு உதவுகிறவரைப் பற்றியது. அவரைப் பெயர் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது, மருத்துவமனையில் பிடித்துவைக்கக் கூடாது என்ற வழிகாட்டுதல்களை உச்ச நீதிமன்றம் 2016-இல் ஏற்றுக்கொண்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. திருவொற்றியூரில் ஒரு முறை, எங்கள் பயணத்தோடு சம்பந்தமே இல்லாத ஓர் இளைஞர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கிடந்தார். போலீஸ், வழக்கு என்று பயந்து கூட்டம் தள்ளியே நின்றது. அண்ணன் நறுக்கை எடுத்துக் கூட்டத்தின் கையில் கொடுத்துவிட்டு, 108-க்குச் சொல்லிவிட்டு, அந்தப் பையனின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள் என்பதை அந்தப் பையனின் அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லி அழுகையை நிறுத்தியவரும் அவர்தான். அன்று நாங்கள் பழவேற்காடு சேர ஒன்றரை மணி நேரம் தாமதமானது.

அவர் இறந்த அன்று கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி அடிக்கப் படம் கேட்டார்கள். வீட்டில் இருந்தது கல்யாணப் படமும் ஆதார் அட்டையும்தான். ஏழு ஆண்டுப் பயணங்களின் படங்கள் எங்கள் கைப்பேசிகளில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றனவே என்று நாங்கள் தேடத் தொடங்கினோம். ஒன்றில் அவர் முழங்கை. ஒன்றில் என் தோளுக்குப் பின்னால் புல்லட்டின் முகப்பு விளக்கு. ஒன்றில் ஹெல்மெட். குழுப் படம் எதிலும் அவர் இல்லை. எப்படி இருப்பார்? அவற்றை எடுத்தவரே அவர்தானே. கடைசியில் ஆதார் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கித்தான் ராயபுரத்துச் சுவர்களில் ஒட்டினார்கள். அவர் சாயலே அதில் இல்லை.

உங்கள் நாளிதழ் வழியாகப் பயண அமைப்பாளர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குப் பதிவுக் கட்டணத்திலேயே விபத்துக் காப்பீடு எடுக்கிறீர்கள். மார்ஷல்கள் கட்டணம் செலுத்திப் பதிவு செய்வதில்லை. அதனால் அந்தப் பட்டியலில் அவர்கள் வருவதில்லை. லாரிக்கு எதிரே போய் நிற்பவர்கள் அவர்கள். அண்ணனுக்கு ஏழு ஆண்டுகளில் ஒரு பயணத்துக்குக்கூடக் காப்பீடு இருந்ததில்லை என்பது அவர் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவருக்கு அது தேவைப்படாமல் போனது. அடுத்த பயணத்துக்கு முன்பாவது மற்ற மூன்று மார்ஷல்களின் பெயர்களை அந்தப் பட்டியலில் சேருங்கள். பெட்ரோல் காசையும் கொடுங்கள். அவர்கள் வாயால் கேட்க மாட்டார்கள்.

ஆசிரியர் அவர்களே, இத்துடன் ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். எங்களோடு வரும் கல்லூரி மாணவி ஒருவர் எண்ணூர் விரைவுச்சாலையில் எடுத்தது. அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு, வலது கையை உயர்த்தி நிற்கிறார். ஒளிரும் மேலாடையின் முதுகில் 'மார்ஷல்' என்ற எழுத்துகளில் 'ல்' இல்லை. ட்யூபும் பம்பும் வைத்த பை உரசி உரசித் தேய்ந்துவிட்டது. எதிரே ஒரு டிரெய்லர் நிற்கிறது. அவர் மனைவியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "முகம் தெரியவில்லை, போடட்டும்" என்றார்.

இடம் போதாவிட்டால் என் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். படத்தின் இடது ஓரத்தை மட்டும் வெட்டிவிட வேண்டாம். லாரி ஜன்னலில் கையை ஊன்றிச் சிரிக்கிற ஓட்டுநர் அங்கேதான் இருக்கிறார்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
தண்டையார்பேட்டை, சென்னை