கடை திறக்கும் முன் கேளுங்கள்: மார்த்தாண்டத்திலிருந்து ஒரு திறந்த மடல்

ஆன்லைன் சந்தைகளையும் சமூக ஊடகங்களையும் நடத்தும் நிறுவனங்களின் குறைதீர் அலுவலர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கத்தில் தேனீ வளர்ப்பவர்களிடம் தேன் வாங்கி, வடிகட்டி, பாட்டிலில் அடைத்து விற்கிற சிறு நிறுவனம் எங்களுடையது. எங்கள் பெயரைப் போட்டு யார் யாரோ தேன் விற்கிறார்கள். உங்கள் படிவங்களில் எழுதி அனுப்பினால் கணினி போடும் பதில்தான் வருகிறது. அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

முதலில் சரக்கைப் பற்றிக் கொஞ்சம். இங்கே பெட்டியில் தேனீ வளர்ப்பது நேற்று வந்த தொழில் அல்ல. 1920களில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் இதை ஊன்றிவிட்டுப் போனது. 1990களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் வந்து கூட்டம் கூட்டமாகத் தேனீக்களை அழித்தது. அதற்குப் பிறகும் விடாமல் பெட்டி வைத்தவர்களால்தான் 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தத் தேனில் பெரும்பங்கு ரப்பர் தேன். இலை உதிர்த்த ரப்பர் மரம் தை, மாசியில் தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியில், மூன்று சிற்றிலைகள் சேருகிற இடத்தில், மது என்கிற இனிப்பு நீர் சுரக்கும். தேனீ எடுப்பது அதைத்தான். பூவுக்கு இதில் பெரிய வேலை இல்லை. குலசேகரம், அருமனை பக்கத்துத் தோட்டங்களில் பெட்டி வைக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இதை விளக்கக் காரணம் இருக்கிறது. உங்கள் சந்தைகளில் ஒன்றில் எங்கள் லேபிளோடு விற்பனைக்கு வந்த தேனின் குறிப்பு, ‘ரப்பர் மலர்களிலிருந்து சேகரித்த தூய தேன்’ என்றது. பக்கத்தில் பாறையில் தொங்கும் பெரிய மலைத்தேன் அடையின் படம். நாங்கள் வாங்குவது பெட்டியில் வளர்க்கிற இந்தியத் தேனீயின் தேன். அந்த ஈ பாறையில் தொங்காது. பாட்டில் படம் மட்டும் எங்களுடையது. எங்கள் பேக்கிங் மேசையில் விரித்திருக்கும் நீலக்கட்ட ரெக்சின்கூட ஓரத்தில் தெரிந்தது. தெரிந்தவர் ஒருவரை விட்டு ஆர்டர் போடச் சொன்னோம். வந்த பாட்டில்களில் 14 இலக்க உணவு உரிம எண் எங்களுடையது, பேட்ச் எண்ணும் எங்களுடையது. ஆனால் எல்லாப் பாட்டிலிலும் அந்த ஒரே பேட்ச் எண். எங்கள் படத்தில் தெரிந்த எண் அதுதான். படத்தைப் பார்த்து லேபிள் அடித்தவனுக்கு, பேட்ச் எண் மாறிக்கொண்டே இருக்கும் என்பதுகூடத் தெரியவில்லை. விலையைக் கேளுங்கள்: பெட்டிக்காரருக்கு நாங்கள் கொடுக்கிற கொள்முதல் விலையைவிடக் குறைவு!

வாங்கி ஏமாந்தவர்கள் யாரைத் திட்டுவார்கள்? லேபிளில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான். ‘சர்க்கரைப் பாகு’ என்று எழுதி, ஒற்றை நட்சத்திரம் போட்டு, பாட்டில் படத்தையும் சேர்த்துவிட்டார்கள். இன்னொரு வேடிக்கை: ரப்பர் தேன் நாள்பட்டால் உறையும், குளிரில் சீக்கிரமே உறையும். போலிச் சரக்கு உறையவில்லை. அதைப் பார்த்துப் பழகிய ஒருவர், எங்கள் தேன் உறைந்ததும் இதுதான் போலி என்று சண்டைக்கு வந்தார்.

நம் ஊரில் எல்லோரும் யோக்கியர் என்று சத்தியம் செய்ய நான் வரவில்லை. வெளியூர்ச் சரக்கை இறக்கி மார்த்தாண்டம் என்று ஒட்டுகிறவர்கள் இங்கேயும் உண்டு. அவர்களுக்குக் கடையும் முகவரியும் உண்டு. உணவுப் பாதுகாப்பு அலுவலர் போய் மாதிரி எடுக்கலாம். உங்கள் சந்தையில் விற்றவரின் முகவரியை விசாரித்தால், அது வேறு மாநிலத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை.

எங்கள் பெயருக்கு வணிகச் சின்னப் பதிவு இருக்கிறது. சான்றிதழை அனுப்பினோம், ஒரு விற்பனைப் பக்கம் போனது, அதே படத்தோடு வேறு விற்பனையாளர் பெயரில் மறுபடி வந்தது. அதையாவது துரத்திக்கொண்டு ஓடலாம். ‘மார்த்தாண்டம் தேன்’ என்ற பெயருக்கு என்ன செய்வது? ஊர்ப் பெயரை ஒரு தனி ஆள் தன் சின்னமாக வளைத்துப் போட முடியாது. அதனால்தான் புவிசார் குறியீட்டுச் சட்டமே தனியாக வந்தது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்த எல்லோருக்கும் அந்தப் பெயர் பொது. உங்கள் படிவமோ வணிகச் சின்னமா, பதிப்புரிமையா, காப்புரிமையா, வடிவமைப்பா என்று நான்கு கட்டம் காட்டி, உரிமையாளர் நீங்கள்தானா என்று கேட்கிறது. புவிசார் குறியீட்டுக்குக் கட்டமே இல்லை. எதை டிக் செய்வது?

குறை உங்கள் படிவத்தோடு நிற்கவில்லை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், நீக்கப்பட்ட பொருளைத் திரும்பத் திரும்ப விற்பனைக்கு வைக்கிற விற்பனையாளர்களைப் பற்றிப் பதிவேடு வைக்க முயலச் சொல்கின்றன. பதிப்புரிமைச் சட்டம், வணிகச் சின்னச் சட்டம், தகவல் தொழில்நுட்பச் சட்டம் என மூன்றைத்தான் அந்த விதி சொல்கிறது. 1999இலேயே இயற்றிய புவிசார் குறியீட்டுச் சட்டம் அதில் இல்லை. அந்தப் பதிவேட்டை வைத்து விற்பனையாளரை வெளியேற்றும் கட்டாயமும் உங்களுக்கு இல்லை, விரும்பினால் செய்யலாம் என்று விட்டிருக்கிறார்கள். இது ஒன்றிய அரசு திருத்த வேண்டியது. அதுவரை நீங்கள் கைகட்டி நிற்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லையே.

போலீசுக்குப் போங்கள் என்பீர்கள். சட்டம் பலமாகத்தான் இருக்கிறது: பொய்ச் சின்னத்துக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, பொய்யான புவிசார் குறியீட்டுக்கும் அப்படியே. ஆனால் வாரண்ட் இல்லாமல் சோதனை போட்டுச் சரக்கைப் பறிமுதல் செய்ய டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி வேண்டும், அவரும் முதலில் வணிகச் சின்னத்தையோ குறியீட்டையோ பதியும் பதிவாளரின் கருத்தைக் கேட்க வேண்டும். அதற்குள் விற்பனைப் பக்கமே காணாமல் போயிருக்கும்.

சமூக ஊடக நிறுவனத்தாரிடமும் ஒரு வார்த்தை. எங்கள் லோகோவைப் போட்டு, ஒரு கிலோ வாங்கினால் ஒரு கிலோ இலவசம் என்று ஒரு பக்கம் ஓடியது. பணம் க்யூஆர் வழியாக யாருக்கோ போனது, தேன் யாருக்கும் போகவில்லை. அந்தப் பக்கம் உங்கள் விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. காசு வாங்கிக்கொண்டு அதை விளம்பரமாக ஓட்டியதும் நீங்கள்தான். ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66டி பிரிவு இருக்கிறது. ஏமாந்தவர்களை இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்கச் சொன்னோம். சின்னத் தொகைதானே என்று பலரும் விட்டுவிட்டார்கள். மோசடிக்காரர்கள் நம்புவதும் அதைத்தான்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. புவிசார் குறியீடு பெற்ற பெயரில் ஒருவர் பொருளை ஏற்றும்போதே அவருடைய அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் எண்ணைக் கேளுங்கள். அடைத்துவிற்கும் எங்களைப் போன்றவர்களிடம், எந்தப் பயனாளரிடம் வாங்கினோம் என்பதற்கான பில்லைக் கேளுங்கள். உணவு உரிம எண்ணில் உள்ள பெயரும் விற்பவரின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள்; ஒன்றில்லை என்றால் இருவருக்கும் என்ன தொடர்பு என்று கேளுங்கள். உரிம எண்ணைச் சரிபார்க்க அரசுத் தளமே இருக்கிறது. புகார்ப் படிவத்தில் புவிசார் குறியீட்டுக்கு ஒரு கட்டம் சேருங்கள். உண்மையான விற்பனையாளர் போலி இல்லை என்று நிரூபிக்க ஏழெட்டு ஆவணம் ஏற்ற வேண்டியிருக்கிறது. போலிக்காரர் கடை திறக்க ஒரு படம் போதுமாக இருக்கிறது. இந்த வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறோம்.

மட்டி வாழைப்பழம், கன்னியாகுமரி கிராம்பு, ஈத்தாமொழி நெட்டைத் தென்னை, நாகர்கோவில் கோயில் நகை என்று குறியீடு பெற்ற பொருள்கள் இந்தச் சின்ன மாவட்டத்திலேயே இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கும் இதே படிவந்தான்.

அடுத்த சீசன் தேன் பங்குனி, சித்திரையில் பாட்டிலுக்கு வரும். அதற்குள் ஒரு மனிதர் கையெழுத்திட்ட பதில் வந்தால் நல்லது. போலிப் பாட்டில்களை எடுத்து வைத்திருக்கிறோம். ஆள் அனுப்பினால் எங்கள் பாட்டிலோடு சேர்த்துக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
மார்த்தாண்டம் அருகே தேன் அடைத்து விற்கும் ஒரு சிறு நிறுவனத்தார்