கொல்லை வீட்டுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் இருக்கிற எங்கள் கொல்லை வீட்டை இடிக்காமல் காப்பாற்றிக் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் எங்கள் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால், சுவர் உதிர்கிறதே என்று நாங்கள்தான் சிமென்ட் பூசினோம். மூன்றாவது மழைக்காலத்திலேயே உள்பக்கம் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்துவிட்டது. தரையிலிருந்து ஏறுகிற ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும். சிமென்ட் உள்ளேயே பூட்டி வைத்துவிடுகிறது. பார்க்க வந்த ஒரு இன்ஜினியர், "இடிச்சிட்டுப் புதுசா கட்டுங்க, அதான் லாபம்" என்றார்.

ஒடுகத்தூர்ப் பெரிய கொத்தனார் அப்படிச் சொல்லவில்லை. கரண்டிக் காம்பால் சுவர் முழுக்கத் தட்டிக் கேட்டுவிட்டு, "கல்லு நல்லாத்தான் இருக்குது. மேல போட்ட சட்டையைக் கழட்டுப்பா" என்றார். ஐயா, முதல் நன்றி உங்களுக்குத்தான். கழற்றவே மூன்று வாரம் ஆனது வேறு விஷயம்.

சுண்ணாம்பு வேலைக்கு ஜவ்வாது மலையிலிருந்து கடுக்காய் கொண்டுவந்த அக்கா, மூட்டையை இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். கொட்டையோடு இடித்துவிடுவோமோ என்று கூடவே உட்கார்ந்து நசுக்கிக் கொட்டையை எடுத்துக் கொடுத்தார். வெல்லம் சேர்த்து ஊறப்போட்ட அந்தத் தண்ணீர் புளித்து வீசிய வாடையில், கள்ளு இறக்குகிறோம் என்றே சிலர் எட்டிப்பார்த்தார்கள்!

அப்புறம் மாடி. அது பழைய மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரத்தின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிப் போட்ட கூரை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து, ஒன்பது சித்தாள் அக்காக்கள் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் அடித்தார்கள். முதல் நாள் 'பொத், பொத்' என்றுதான் கேட்டது. ஐந்தாம் நாள் 'டக், டக்'. கட்டை எகிறித் திரும்பி வந்ததும்தான் கொத்தனார் போதும் என்றார். கூலி கொடுத்தோம், சரி. அந்தக் கைகள் காய்த்துப்போனதற்கு என்ன கொடுப்பது?

பூச்சு நடந்தது வேலூர் வெயில் காலத்தில். சுண்ணாம்பு மெதுவாகக் காற்றை வாங்கித்தான் திரும்பக் கல்லாக இறுகும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும். சுவரில் தொங்கவிட்ட சாக்கு காயக்கூடாதே என்று, ராத்திரி எந்நேரம் கரண்ட் வந்தாலும் எழுந்துபோய் மோட்டார் போட்ட பக்கத்துக் கொல்லை மாமாவுக்கும், கதவு நிலையைச் செப்பனிட்ட குடியாத்தம் ஆசாரிக்கும் நன்றி.

எங்கள் ஆயா திண்ணைக்குத் திரும்பிவிட்டார். 1989-இல் ஜில்லாவைப் பிரித்தாயிற்று. யார் கேட்டாலும் வடாற்காடு என்றே விலாசம் சொல்கிறார்.

குழியில் நீற்றிய சுண்ணாம்பு பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. பழைய வீடு வைத்திருப்பவர்கள் வந்து அள்ளிக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். அள்ளியதும் மேலே தண்ணீர் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள்.