எட்வினுக்கு, பெயர் மாறும் முன்பு

அன்புள்ள எட்வின்,

கெசட்டுக்கு விண்ணப்பம் தயார் என்று உன் அம்மா சொன்னாள். இன்று அக்டோபர் 12. வட இங்கிலாந்தில் நார்தம்பிரியாவை ஆண்ட அரசன் எட்வின் ஹாட்ஃபீல்டு போரில் விழுந்த நாள். ஆங்கிலேயரின் பழைய வரலாற்றை எழுதிய பீட் துறவியின் கணக்கில் 633-ம் ஆண்டு.

அன்று சாப்பாட்டு மேசையில் அத்தனை பேர் முன்னால், "நம்மள ஆண்ட வெள்ளைக்காரன் பேரு அத்தை, அடிமைப் பேரு" என்றாய். மற்றது நம் இருவருக்கும் தெரியும். சொந்தக்காரர்கள் படிக்கிற இடத்தில் அதை விரிக்க மாட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்.

எட்வின் என்ற பெயர் பழைய ஆங்கிலத்தில் இரண்டு துண்டு. 'ஏயட்' என்றால் செல்வம், நற்பேறு. 'வினெ' என்றால் நண்பன். 'வின்' என்றால் ஜெயிப்பது என்று உன் சித்தப்பா எல்லாரிடமும் சொல்கிற வெற்றிக் கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எட்வர்ட், எட்மண்ட், எட்கர் மூவருக்கும் முன்துண்டு அதே 'ஏயட்', பால்ட்வினுக்குப் பின்துண்டு 'வினெ'. அந்தக் காலத்து ராஜ வீடுகளில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றி மாற்றிக் கோப்பார்கள். ஆகவே பெயர்ப் புத்தகங்களில் வரும் 'பணக்கார நண்பன்' போன்ற பொருளை ரொம்ப நம்பாதே. எடின்பரோ நகரத்துக்கு அரசன் எட்வினின் பெயர் வந்தது என்பதும் கதைதான். அந்த ஊர்ப்பெயர் இவனுக்கு முந்தையது.

ஆண்ட வெள்ளைக்காரன் பேர் என்றாயே, 1066-ல் பிரான்ஸ் பக்கமிருந்து நார்மானியர் வந்து இங்கிலாந்தைப் பிடித்தபோது தோற்றவர்களின் பெயர் இது. மத்திய இங்கிலாந்தின் மெர்சியா பிரபு எட்வின், நார்மானிய அரசன் வில்லியமை எதிர்த்துக் கிளம்பி, 1071-ல் சொந்த ஆட்கள் கையாலேயே செத்தான். பிறகு சில தலைமுறைக்குள் ஆங்கிலேயக் குடியானவனே பிள்ளைக்கு வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் என்று ஜெயித்தவர்களின் பெயரை வைக்கப் பழகிவிட்டான். எட்வர்ட் மட்டும் தப்பித்தது. அரசன் மூன்றாம் ஹென்றி, நார்மானியருக்கு முந்தைய அரசனான புனித எட்வர்டின் மேலிருந்த பக்தியில் 1239-ல் பிறந்த மகனுக்கு அதை வைத்தான். எட்வினுக்கு அப்படி ஒரு ராஜா வாய்க்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழம்பெருமை பேசும் மோகம் வந்த பிறகுதான் அது மறுபடி பரவியது. புதுதில்லியைக் கட்டிய லட்யென்ஸுக்கு 1869-ல் வைத்தது, ஓவியர் எட்வின் லாண்ட்சீரின் பெயரை. நம் பக்கம் இது வந்ததும் அந்தக் காலத்துக்குப் பிறகு, மிஷன் ஆட்கள் வழியாக. அந்த மட்டில் நீ சொன்னது சரி, மறுக்கவில்லை.

உன்னைக் கேட்காமல் வைத்ததற்கு மன்னித்துக்கொள். ஆனால் தொட்டிலில் கிடக்கிற பிள்ளையை யார் கேட்கிறார்கள்? மாதவன் என்று வைத்திருந்தால் கேட்டிருப்பாயா?

நான் இந்தப் பெயரைச் சொன்னதற்குக் காரணம் பீட் 731-ல் முடித்த வரலாற்றில் இருக்கிறது. அரசன் எட்வின் ஆட்சியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை பயமில்லாமல் நடந்து போகலாமாம். பாதையோரத்து ஊற்றுகளில் கம்பம் நட்டு, வழிப்போக்கர் தண்ணீர் குடிக்க வெண்கலக் கிண்ணம் தொங்கவிட்டிருந்தான். பயத்தாலோ பிரியத்தாலோ ஒருவரும் அதைக் களவாடவில்லை. நூறு வருஷம் கழித்து எழுதியது, மெருகு ஏறித்தான் இருக்கும். இருக்கட்டும். நீ பிறந்த வருஷம் உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு எங்கெங்கே நடந்தாள், எந்த வாசலில் நின்றாள் என்று உனக்குத் தெரியும். இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

நிலாவில் நடந்த பஸ் ஆல்ட்ரினும் பிறக்கும்போது எட்வின்தான். 1980-களில் சட்டப்படி மாற்றிக்கொண்டார். அவர் அத்தை என்ன சொன்னாளோ!

மாற்றுவதென்றால் ஒழுங்காக மாற்று. கெசட்டில் பழைய பெயரும் அச்சாகும். உன் பள்ளிச் சான்றிதழில் பெயரின் ஆங்கில எழுத்தில் டபிள்யூ. ஞானஸ்நானப் பதிவேட்டில் வி. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பம் கொடு, இல்லாவிட்டால் பாஸ்போர்ட் நேரத்தில் அலைவாய். புதுப் பெயர் என்னவென்று மட்டும் இதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

அத்தை