அந்த வீடு யாருடையது?

திருச்சி
செவ்வாய்க்கிழமை இரவு

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. நாலு பக்கம். அடுப்படியில் நின்றபடியே ஒரு முறை, சாப்பிட்டு முடித்து ஒரு முறை, விளக்கு வைத்த பிறகு ஒரு முறை என்று மூன்று தடவை படித்துவிட்டேன். அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே முழங்கால் வலி பரவாயில்லை. மாடி ஏறுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். கொல்லையில் கொய்யா இந்த வருடம் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது.

இனி வீட்டு விஷயம். கிணறும் இரண்டு தென்னையும் உள்ள மாடி வீடு 38 லட்சத்துக்கு வருகிறது, அதே தெருவில் அதே அளவு வீடு 60 லட்சத்துக்குக் குறைந்து கிடையாது என்று எழுதியிருக்கிறாய். அட்வான்ஸ் கொடுக்கப் போன அன்று பக்கத்து வீட்டம்மாள் உன் கையைப் பிடித்துக்கொண்டு, ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்தச் சமையலறையில்தான் கணவன் மனைவியை வெட்டிக் கொன்றான் என்று சொல்லியிருக்கிறாள். அந்தத் தெருப் பக்கமே போகாதே என்கிறார் அண்ணன். உன் மகனோ, ஒரு கணபதி ஹோமம் செய்துவிட்டுச் சமையலறையை இடித்துக் கட்டினால் தீர்ந்தது என்கிறான். நீ என்னைக் கேட்கிறாய்.

அப்படிப்பட்ட வீட்டில் நான் இரண்டு வருடம் குடியிருந்திருக்கிறேன் மங்கை. உன்னிடம்கூட இதுவரை சொன்னதில்லை. 1988-இல் புதுக்கோட்டைக்கு மாற்றலாகிப் போனேனே, அப்போது. சுற்று வட்டாரத்தில் வாடகை 400 ரூபாய். அந்த வீட்டுக்கு மட்டும் 250. ஏன் என்று கேட்காமல் குடி புகுந்துவிட்டேன். ஸ்டவ் வெடித்து ஒரு பெண் செத்துப்போனாள் என்று பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது. கல்யாணமாகி ஒன்றரை வருடம்தானாம். சமையலறைச் சுவருக்கு நன்றாக வெள்ளையடித்திருந்தார்கள். ஐப்பசி மழை பிடித்ததும் சுண்ணாம்பு ஊறி, அடியில் இருந்த கரி மெல்ல மேலே வந்தது. அது அடுப்பு மேடைப் பக்கம் இல்லை. அடுப்பிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, கதவோரச் சுவரில், ஆள் உயரத்துக்கு எழும்பியிருந்தது. கதவுப் பலகையின் உள்பக்கமும் கருகித்தான் இருந்தது. வெளியே தாழ்ப்பாள் உள்ள கதவு அது.

வரதட்சிணை மரணத்துக்கென்று 304-பி என ஒரு பிரிவைச் சட்டத்தில் சேர்த்து அப்போது இரண்டே வருடம் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு அது வந்து சேரவில்லை. விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் அம்மாள் வாசலில் வந்து நின்றார். கையில் மஞ்சள் பை. “என் மகள் இந்த வீட்டில்தான் இருந்தாள், ஒரு நிமிஷம் உள்ளே உட்கார்ந்துவிட்டுப் போகட்டுமா?” என்று கேட்டார். எனக்குக் கை கால் நடுங்கியது. உள்ளே அழைத்தேன். நேராகச் சமையலறைக்குப் போய், அந்தக் கதவோரத்தில் தரையில் உட்கார்ந்தார். சுவரை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. உள்ளங்கையைத் தரையில் பதித்து, நெற்றி வேர்த்த குழந்தையைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டே இருந்தார்.

தீபாவளிக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது ஓர் எவர்சில்வர் டம்ளர் கிடைத்து, அதை எடுத்து வைத்திருந்தேன். வயிற்றுப் பகுதியில் புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. அதில் மோர் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. கட்டைவிரல் புள்ளிகளில் பட்டதும் நின்றுவிட்டது. “எழுத்துக்குப் பத்து பைசா கொடுத்து நான்தான் வெட்டச் சொன்னேன். நாலு எழுத்து” என்றார். மோரைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதற்கடுத்த மாசியிலும் வந்தார். பிறகு எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

அந்த வீட்டில் நான் தூங்காத இரவுகள் உண்டு. ஆனால் பேய்க்குப் பயந்து அல்ல. அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி நினைத்துக்கொண்டே கிடப்பேன். அக்கம்பக்கத்தில் அத்தனை பேர் இருந்தார்களே, ஒருவர் காதிலுமா சத்தம் விழவில்லை என்று நினைப்பேன். அண்ணனிடம் இதைச் சொல். நம் பெரியவர்கள் அகால மரணத்துக்கு அஞ்சி வீட்டை ஒரேயடியாகக் கைவிட்டவர்கள் அல்லர். ஆகாத நட்சத்திரத்தில் சாவு விழுந்தால் அடைப்பு என்று வீட்டைப் பூட்டினார்கள். அதற்கும் அதிகபட்சம் ஆறு மாதம் என்று கணக்கு வைத்துத் திறந்தார்கள். சண்டையில் செத்தவனுக்கு நடுகல் நட்டுப் பெயரைப் பொறித்தார்கள். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரனை இன்றைக்கும் கும்பிடுகிறோமே.

ஆனால் உன் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறு. மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: “வீடு அந்தப் பெண் பெயரில்தான் இருந்ததாம், அவளுடைய அப்பா நிலத்தை விற்று வாங்கிக் கொடுத்தாராம்.” விற்பவர் யார் என்றால், ஆயுள் தண்டனையில் இருக்கும் கணவனின் அண்ணன், தம்பியின் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரமான பவரை அவனிடம் வாங்கிக்கொண்டு விற்கிறார். பிள்ளைகள் இருவரும், பெண்ணுக்குப் பதின்மூன்று, பையனுக்குப் பத்து, தாய்வழிப் பாட்டியிடம் இருக்கிறார்கள்.

மங்கை, அந்தப் பவருக்கு ஒரு மதிப்பும் இல்லை. 1956-ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-வது பிரிவு, கொலை செய்தவன் கொலையுண்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்கிறது. அவன் அவளுக்கு முன்பே இறந்துவிட்டதாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது 27-வது பிரிவு. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், தகப்பனைக் கொன்ற மகனுக்கு மட்டுமல்ல, அவன் வழியாகப் பங்கு கேட்ட அவன் மனைவிக்கும் உரிமையில்லை என்று 2005-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆகவே, அவள் உயில் எதுவும் எழுதி வைக்காமல் போயிருந்தால், அந்த வீடு முழுக்க அந்த இரண்டு பிள்ளைகளுடையது. வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதில் பதிவான பத்திரங்கள்தான் வரும். சாவு வராது, சாவுக்குப் பிறகு உரிமை யாருக்குப் போனது என்பதும் வராது. வாரிசுச் சான்றில் கணவன் பெயர் இருந்தாலும் அதை வைத்துச் சொத்து அவனுக்குச் சேராது. முப்பது வருடம் பத்திரங்களோடு கிடந்தவள் சொல்கிறேன், உன் மகனை அட்வான்ஸ் கொடுக்க விடாதே.

மைனர் சொத்தை விற்க வேண்டுமானால் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். பெற்ற தகப்பனே விற்றாலும் அப்படித்தான். பாட்டியோ மாமனோ வளர்க்கிறார்கள் என்பதற்காக மட்டும் கையெழுத்துப் போட்டுவிட முடியாது; நீதிமன்றம் அவர்களைக் காப்பாளராக நியமிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அவசியம் அல்லது கண்கூடான நன்மை இருந்தால்தான் அனுமதியும் கிடைக்கும். இதையெல்லாம் மீறி வாங்கினால், பதினெட்டு வயது முடிந்ததும் அந்தப் பெண் உங்கள் வாசலில் வந்து நிற்பாள், நியாயம் அவள் பக்கம் இருக்கும்.

இன்னொன்று. அந்த 22 லட்சம் குறைவு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தாயா? வீடு ஆகாது என்று தெரு முழுக்கப் பேசப் பேச விலை இறங்குகிறது. இறங்குகிற ஒவ்வொரு லட்சமும் தாயைப் பறிகொடுத்த அந்தப் பிள்ளைகளின் படிப்புப் பணம். அவர்களுடைய தாத்தா விற்ற நிலம் அது. இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. மலிவாகக் கிடைக்கிறது என்று சந்தோஷப்பட்டு நீ எழுதியதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உனக்கு அது தோன்றியிருக்காது.

வாங்கலாம் என்பதுதான் என் எண்ணம். பிள்ளைகளிடமிருந்து, பாட்டி மூலம், நீதிமன்ற அனுமதியோடு, தெருவில் போகிற விலைக்கு. ஒரு வருடம் ஆனாலும் ஆகட்டும். பணம் பிள்ளைகள் பெயரில் வங்கியில் விழ வேண்டும். அந்த விலை உங்களுக்குத் தாங்காது என்றால் விட்டுவிடுங்கள், வேறு வீடு கிடைக்கும். சமையலறையை இடிப்பதும் இடிக்காததும் உங்கள் விருப்பம். இடிக்கிறதாக இருந்தால் முதலில் உன் மகனைப் பரணில் ஏறிப் பார்க்கச் சொல். பெயர் வெட்டிய பாத்திரம் ஏதாவது இருந்தால் எடுத்துத் தனியாக வைக்கட்டும்.

அந்தப் பாட்டியின் வீடு எங்கே என்று பக்கத்து வீட்டம்மாளிடம் கேட்டு வை. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். கொய்யா இரண்டு பையாகக் கொண்டு வருகிறேன், ஒன்று உனக்கு, ஒன்று அந்தப் பிள்ளைகளுக்கு. இருவரும் சேர்ந்தே போய்ப் பார்ப்போம்.

என்றும் அன்புடன்,
சாவித்திரி