அப்பா கேட்ட கட்டடம்

சிகாகோ
தை 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொல்லச் சொல்லச் செல்வி எழுதிய கடிதம் கிடைத்தது. நாலு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று அம்மா வருத்தப்பட்டது சரிதான். போனில் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன். தப்புதான்.

குளிர் எப்படி என்று அம்மா கேட்டிருக்கிறாள். ஏற்காட்டு மார்கழி எல்லாம் இதற்குப் பக்கத்தில்கூட வராது. கீழ்வீட்டுப் போலந்துக்காரத் தாத்தா தெருவில் பனியை வாரிக் காருக்கு இடம் பண்ணுகிறார். கார் கிளம்பியதும் அந்த இடத்தில் ஒரு கால் ஒடிந்த நாற்காலியைப் போட்டுவிடுகிறார். ரேஷன் கடை வரிசையில் பை வைப்போமே, அதே கதை. ஒருத்தரும் அதைத் தொடுவதில்லை!

சரி, போட்டோவில் என் பின்னால் நிற்கிற கறுப்புக் கட்டடம். அது எப்படி நிற்கிறது என்று மேஸ்திரி கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? இப்போது பகலில் எனக்கு நேரம் நிறையக் கிடைக்கிறது. அதனால் சுற்றிச் சுற்றிப் பார்த்து, படித்தும் வைத்திருக்கிறேன்.

பேர் சியர்ஸ் டவர். சியர்ஸ் என்ற கம்பெனி தன் ஆபீசுக்காகக் கட்டியது. தபாலில் சாமான் விற்றுப் பெரிய ஆளானவர்கள். 1908 முதல் 1940 வரை வீட்டையே தபாலில் விற்றிருக்கிறார்கள். மரத்தை அளவாக அறுத்து, நம்பர் போட்டு, ரயிலில் அனுப்பிவிடுவார்களாம். இந்த ஆபீஸ் 110 மாடி, 1,451 அடி. 1973 முதல் 1998 வரை உலகத்திலேயே உயரமானது.

வரைந்தவர் புரூஸ் கிரஹாம். நிற்க வைத்தவர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான் என்ற என்ஜினீயர். இவ்வளவு உயரத்தில் பாரத்தைவிடக் காற்றுதான் தொல்லை. ஒற்றைக் கரும்பை நிறுத்தினால் ஆடும், கட்டாக நிறுத்தினால் நிற்கும் அல்லவா? அதேதான். 75 அடிச் சதுரக் குழாய் ஒன்பது, மூன்று மூன்றாக ஒட்டி நிற்கின்றன. தூணெல்லாம் குழாயின் ஓரத்தில், 15 அடிக்கு ஒன்று. உள்ளே தூணே கிடையாது. ஒன்பதும் உச்சி வரை போகாது. 50-ஆவது மாடியில் இரண்டு, 66-இல் இரண்டு, 90-இல் மூன்று நின்றுவிடும். மிச்சம் இரண்டுதான் மேலே போகின்றன. இரும்பைத் தூணும் கிளையுமாக, இரண்டு மாடி உயரத்துக்குப் பட்டறையிலேயே வெல்டிங் செய்து, கொண்டு வந்து போல்ட் முடுக்கியிருக்கிறார்கள்.

கட்டிய கம்பெனி 1990-களிலேயே ஊருக்கு வெளியே போய்விட்டது. 2009-இல் பேரும் வில்லிஸ் டவர் என்று மாறிவிட்டது. ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் பழைய பேர்தான். கீழே தெருமுனைப் பலகையில் கானின் பேர் இருக்கிறது. நீங்கள் கட்டிய எந்த வீட்டிலும் உங்கள் பேர் இல்லையே என்று அங்கே நின்று யோசித்தேன்.

103-ஆவது மாடிக்குப் போய் ஊரைப் பார்க்கலாம். நான் இன்னும் ஏறவில்லை. டிக்கெட் ஒன்றும் பெரிசில்லை, கூட்டம்தான் அதிகம்.

இந்த ஊரில் மலையே இல்லை அப்பா. தோசைக்கல் மாதிரி தட்டை. ஏரி இருக்கிறது, ஆனால் நம் மூக்கனேரி மாதிரி இல்லை, அக்கரையே தெரியாது. வழி தப்பினால் அந்தக் கறுப்புக் கட்டடத்தைத் தேடித்தான் திசை பிடிக்கிறேன். போன வாரம் இருட்டில் அதன் உச்சி விளக்கைப் பார்த்ததும், நம் மொட்டை மாடியிலிருந்து தெரியுமே, ஏற்காட்டு ரோட்டு விளக்கு, அதுதான் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். அப்புறம் அறைக்குப் போகப் பிடிக்காமல் கொஞ்ச நேரம் நடந்தேன். பொங்கலுக்குக் கரும்பு வாங்கவில்லை.

மாடி எடுக்கிற விஷயம். கம்பி விலை இறங்கட்டும், சித்திரைக்கு மேல் பார்க்கலாம். பெரிய மாமாவுக்கு இந்த மாதம் வட்டி மட்டும் அனுப்புகிறேன், அசல் கொஞ்சம் தள்ளிப் போகும். அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னிடம் கேட்டால் உளறிவிடுவேன். செல்வி பீசுக்குக் கடைசித் தேதி என்ன என்று எழுதச் சொல்லுங்கள். கண் ஆபரேஷன் ஆன பிறகும் நீங்கள் சாரத்தில் ஏறுவதாகக் கேள்விப்பட்டேன். கீழே நின்றே வேலை வாங்குங்கள்.

உங்கள் மகன்,
குமார்