இன்ஜினோடு நின்றுவிடுகிறோம்

ஆசிரியருக்கு,

நம் தேஜஸ் போர் விமானம் என்றாலே இன்ஜின் தாமதத்தைப் பற்றித்தான் எழுதுகிறோம். சரி, அது பெரிய பிரச்சினைதான். ஆனால் ரேடார், ஆயுதம், விமானியின் திரை எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி இயக்கும் மிஷன் கம்ப்யூட்டரை யார் கவனிக்கிறார்கள்? அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத்தைப் பாருங்கள், டிஆர்-3 என்ற புதிய கணினித் தொகுப்பின் மென்பொருள் தயாராகாததால் 2023 ஜூலையிலிருந்து ஏறக்குறைய ஓராண்டு, கட்டி முடித்த விமானங்களையே அவர்கள் வாங்காமல் நிறுத்தி வைத்தார்கள். விமானத்துக்குள் கருவிகளை இணைக்கும் பழைய 1553பி தரவு இணைப்பில் நொடிக்கு ஒரு மெகாபிட்தான் போகும், அதுவும் கட்டுப்பாட்டுக் கணினி கேட்டால்தான் மற்ற கருவி பேசும். இன்றைய ரேடார் தரவுக்கு அது எப்படிப் போதும்? சுகோய்-30 எம்கேஐக்கே மிஷன் கம்ப்யூட்டர் செய்துகொடுத்த டிஆர்டிஓவின் பெங்களூர் டேர் ஆய்வகம் நம்மிடம் இருக்கிறது. அடுத்து வரவிருக்கும் நம் ஆம்கா போர் விமானத்துக்காவது மென்பொருள் சோதனைக்கு இப்போதே ஆளும் பணமும் ஒதுக்குங்கள்.

- வாசகர், கோவை