கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்

மலாய் உலகின் தற்காப்புக் கலையான சிலாட்டைக் காணொளியில் கற்றுத்தரும் குருமார்களுக்கு,

வணக்கம். உங்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் வாசிக்க வராது, தெரியும். மலாயிலும் தனியாக எழுதுகிறேன். உங்கள் காணொளிகளைப் பார்த்துப் பழகும் எங்கள் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

மலேசியாவின் கிள்ளானில் ஒரு கெலங்காங்கில், அதாவது பயிற்சிக் களத்தில், புதிதாக வருபவர்களுக்கு அடிப்படை சொல்லித் தருகிறேன். இப்போதெல்லாம் முக்கால்வாசிப் பேர் கைப்பேசியில் பார்த்து எதையாவது பழகிவிட்டுத்தான் வருகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் சிலாட் பதக்கப் போட்டியானது. அடுத்த ஆண்டே மலேசிய சிலாட்டும் இந்தோனேசிய பென்சாக் சிலாட்டும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அதையெல்லாம் பார்த்து ஆசைப்பட்டவனின் ஊரில் குரு இல்லையென்றால் அவன் வேறு என்ன செய்வான்?

என் குறை வேறு. வருகிறவர்களுக்குக் கை அழகாக வருகிறது, கால் வருவதில்லை. நீங்கள் இடுப்புக்கு மேலேயே படம் பிடிப்பதுதான் காரணம்.

செம்போக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நின்றபடியே கால்களைக் குறுக்காக்கித் தரையோடு தரையாக இறங்கி உட்காருவது. பார்த்தால் ஒரு விநாடி வேலை. ஆனால் இறங்கும்போது பாதமும் சேர்ந்து திரும்ப வேண்டும். பாதம் ஒட்டிக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பினால் அந்தத் திருகல் முழுக்க முட்டியில் இறங்கும். அண்மையில் ஒரு பையன் செய்து காட்டினான். மார்புக்கு முன்னால் கை கச்சிதம். கீழே ரப்பர் காலணி பாயைப் பிடித்துக்கொண்டு அசையவே இல்லை. "முட்டி வலிக்குதாடா?" என்றேன். "கொஞ்சந்தான் மாஸ்டர், போகப்போகச் சரியாயிடும்னு விட்டுட்டேன்" என்றான். அவன் பார்த்த காணொளியை வாங்கிப் பார்த்தேன். குருவின் பாதம் படத்திலேயே இல்லை.

ஒரு கேமராவை முட்டி உயரத்தில் வையுங்கள். பின்னாலிருந்தும் ஒருமுறை எடுங்கள். எதிரே நின்று காட்டினால் பாதிப் பேர் இடம் வலம் மாற்றித்தான் பழகுகிறார்கள். (சிலம்பத்தில் காலடி பழகிய பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், அது வேறு கதை.)

அப்புறம் உங்கள் எதிராளி. ஒரு குத்து விடுகிறார், விட்ட கையை அப்படியே நீட்டிக்கொண்டு நிற்கிறார், நீங்கள் நிதானமாகப் பூட்டுப் போட்டு விழவைக்கிறீர்கள். தொடக்கப் பயிற்சி அப்படித்தான் இருக்கும், சரி. அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கையை இழுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒருமுறையாவது காட்டுங்கள். விழுந்தவர் எப்படி விழுந்தார், ஏன் அடிபடவில்லை, விடச் சொல்லி அவர் தட்டியதும் பிடியை எப்படி விட்டீர்கள் என்பதையெல்லாம் வெட்டிவிட்டுப் பின்னணி இசை போடுகிறீர்கள். வீட்டில் தம்பியை நிறுத்திப் பழகுகிறவனுக்கு முதலில் வேண்டியதே அதுதான்.

காணொளியால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. போட்டியில் ஒருவர் தனியாக ஆடிக்காட்டும் துங்கால் இருக்கிறதே, வெறுங்கை, கோலோக் கத்தி, தோயா கம்பு என்று 3 நிமிடத்தில் 100 அசைவு, எந்த நாட்டிலும் அதே வரிசை. அதை மனப்பாடம் செய்யக் காணொளியைவிட நல்ல துணை கிடையாது. பூட்டும் வீழ்த்தலும் அப்படியில்லை. எதிராளியின் எடை உங்கள் கையில் விழுந்தால்தான் அது புரியும்.

எந்தப் பாணி, யாரிடம் கற்றீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். சிலாட் செக்காக்கில் நிமிர்ந்து நிற்பார்கள். சுமத்திராவின் மினாங்கபாவ் மக்களுடைய ஹரிமாவ், அதாவது புலிப் பாணியில், தரையோடு பதுங்குவார்கள். இரண்டையும் வெறும் 'சிலாட்' என்று போட்டால், பார்க்கிறவன் அதில் பாதி இதில் பாதி எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறான்.

கெராம்பிட் என்ற வளையம் வைத்த வளைகத்தியை விரலில் மாட்டிச் சுழற்றுவதை முதல் பாடமாக வைக்காதீர்கள். காட்டியே ஆக வேண்டுமென்றால் மரத்தில் செய்ததை வைத்துக் காட்டுங்கள்.

மூன்றே மாதத்தில் தேர்ச்சிக்கான இடுப்புப் பட்டை என்று விற்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. மற்றவர்கள் கிள்ளான் பக்கம் வந்தால் சொல்லுங்கள். பாயும் இடமும் இருக்கிறது, விழுவதற்கு ஆளும் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
கிள்ளானிலிருந்து ஒரு பயிற்சியாளர்